கையில பேப்பர் இருந்தா மட்டும் போதுமா? ஊர்ஜிதமாகாத குற்றச்சாட்டும் அதை அச்சடிக்கிற பொறுப்பும்

2019 ஜூன் 11, விடியறதுக்கு முன்னாடி, இங்க மலேசியாவுல பல நிருபர்களோட போன்ல ஒரு புது வாட்சாப் குரூப் வந்து உக்காந்துச்சு. யார் சேர்த்தாங்கன்னு தெரியாது, உள்ள சில அந்தரங்க வீடியோ, அதுல இருக்கிறது ஒரு மூத்த அமைச்சர்னு ஒரு குற்றச்சாட்டு. எங்க எடுத்தது, யார் எடுத்தது, எதுக்கு இப்ப அனுப்புறாங்க, எதுவும் கிடையாது. முதல்ல பல பேப்பர் இப்படி ஒரு வீடியோ சுத்துதுன்னு மட்டும் எழுதிட்டு பேரை விட்டுட்டாங்க, அடுத்த நாளே ஒருத்தர் ஃபேஸ்புக்ல வந்து அதுல இருக்கிறது நான்தான், கூட இருக்கிறது இன்னார்னு சொன்னதும் எல்லார் தலைப்புலயும் அந்தப் பேர் ஏறிடுச்சு. அமைச்சர் மறுத்தாரு. ஜூலைல போலீஸ் சொன்னது என்னன்னா வீடியோ நிஜம்தான், ஆனா முகத்தை வச்சு இன்னார்னு உறுதியா சொல்ல முடியல. 2020 ஜனவரியில சட்டத்துறைத் தலைவர் யார் மேலயும் வழக்கு போட முடியாதுன்னு முடிச்சிட்டாரு. அந்த அமைச்சர் பேரை நான் இங்க எழுதல, ஏன் எழுதலங்கிறதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க சொல்லப் போறேன்.

நம்ம ஆளுங்ககிட்ட இதைப் பத்திப் பேசினா உடனே ஒரு பதில் வரும், "அதெல்லாம் எதுக்கு மறைக்கணும், எல்லாத்தையும் போடுங்க, மக்கள் பார்த்து முடிவு பண்ணட்டும்". கேக்க நல்லாத்தான் இருக்கு, மக்கள் மேல நம்பிக்கை வச்ச மாதிரியும் இருக்கு. ஆனா இந்த வாதத்தை நிஜமாவே ஒரு பெரிய செய்தி நிறுவனம் செஞ்சு பார்த்திருக்கு, என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும்.

அமெரிக்காவுல 2017 ஜனவரி 10, டிரம்ப் பதவியேற்க இன்னும் பத்து நாள். பிரிட்டிஷ் உளவுத்துறையில இருந்த கிறிஸ்டோபர் ஸ்டீல்ங்கிறவர் தொகுத்த 35 பக்கத்தை பஸ்ஃபீட் அப்படியே முழுசா வெளியிட்டுச்சு, டிரம்புக்கும் ரஷ்யாவுக்கும் என்ன தொடர்புன்னு. இது ஊர்ஜிதம் ஆகலன்னும், உள்ள சில தப்பு இருக்குன்னும் அவங்களே மேல எழுதி வச்சாங்க. அமெரிக்க மக்கள் தாங்களே படிச்சு முடிவு பண்ணட்டும்ங்கிறதுதான் அப்ப ஆசிரியரா இருந்த பென் ஸ்மித் சொன்ன காரணம். அதே பக்கங்கள் இன்னும் பல செய்தி நிறுவனங்கள் கையிலயும் மாசக்கணக்கா இருந்துச்சு, அவங்க சரிபார்க்க முயற்சி பண்ணாங்க, முடியல, அதனால முழுசா போடல. அன்னைக்கு பஸ்ஃபீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி சிஎன்என் ஒரு செய்தி போட்டுச்சு, அது வேற மாதிரி: உளவுத்துறைத் தலைவருங்க இந்தக் குற்றச்சாட்டுகளோட சுருக்கத்தை அதிபர்கிட்டயும் அடுத்த அதிபர்கிட்டயும் குடுத்திருக்காங்கன்னு மட்டும். உள்ள இருக்கிற விவரம் எதையும் அவங்க எடுத்துப் போடல.

இந்த ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் எல்லாமே. சிஎன்என் சொன்னது சரிபார்க்கக்கூடிய ஒரு நிகழ்வு, ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டா ஆமா நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம், நாட்டுக்கும் அது முக்கியம். பஸ்ஃபீட் போட்டது அந்த நிகழ்வுக்குள்ள இருந்த சரக்கு, அதை அவங்களாலயே சரிபார்க்க முடியல, அப்புறம் ஓஹாயோவுல ஒரு வீட்டுல போனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளு எப்படி சரிபார்ப்பான்? நிருபர் சம்பளம் வாங்குறதே அந்த வேலைக்குத்தான், அதை வாசகன் தலையில கட்டிட்டு அதுக்கு மக்கள் உரிமைன்னு பேர் வைக்கக்கூடாது.

பின்னாடி என்ன ஆச்சு? டிரம்போட வக்கீல் பிராக் நகரத்துக்குப் போய் ரஷ்ய ஆளுங்களை ரகசியமா சந்திச்சார்னு அந்தப் பக்கங்கள்ல இருந்துச்சு, 2019-ல வந்த சிறப்பு வழக்கறிஞர் முல்லரோட அறிக்கை அவர் பிராக் போகவே இல்லன்னு எழுதிச்சு. அமெரிக்க நீதித்துறை தலைமை ஆய்வாளர் 2019 டிசம்பர்ல குடுத்த அறிக்கையில, ஸ்டீலுக்குத் தகவல் குடுத்த முக்கியமான ஆளே அதெல்லாம் கேள்விப்பட்ட பேச்சு, அப்படியே உண்மைன்னு நான் சொல்லலங்கிற மாதிரி எஃப்பிஐகிட்ட சொன்னது வெளிய வந்துச்சு. டிரம்போட எந்த சம்பந்தமும் இல்லாத ஒரு ரஷ்யத் தொழிலதிபர் பேரும் உள்ள இருந்துச்சு, பஸ்ஃபீட் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு பேரை மறைச்சாங்க, அவர் வழக்குப் போட்டாரு, 2018 டிசம்பர்ல பஸ்ஃபீட் ஜெயிச்சுது. ஏன் ஜெயிச்சாங்க? அரசாங்கம் விசாரிச்சுக்கிட்டிருந்த ஒரு ஆவணத்தை வெளியிட அமெரிக்கச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு. அதுல இருந்தது உண்மைன்னு கோர்ட் சொல்லவே இல்ல. கோர்ட்ல ஜெயிச்சுட்டா செஞ்சது சரின்னு ஆகிடாது, சட்டம் ஒரு அளவுகோல், தொழில் நேர்மை வேற அளவுகோல்.

இதை எதுக்கு இவ்வளவு தூரம் சொல்றேன்னா நம்ம ஊர்ல இதுக்கு சமமான ஒரு பொருள் இருக்கு, எஸ்டி. சத்தியப் பிரமாணம். ஒருத்தர் சத்திய ஆணையர் ஆபீஸ்ல போய் சில வெள்ளி (ரிங்கிட்) கட்டி, எழுதின பேப்பர்ல கையெழுத்து போட்டு முத்திரை குத்தி வாங்கிட்டார்னா அடுத்த நாள் பிரஸ் மீட்ல அதைத் தூக்கிக் காட்டுவாரு, கேமரா எல்லாம் அந்த முத்திரையத்தான் ஃபோக்கஸ் பண்ணும். பார்க்கிற சனங்களுக்கு அது கோர்ட்டு பேப்பர் மாதிரி தெரியும். உள்ளபடி சொன்னா அந்த ஆணையர் சரிபார்க்கிறது கையெழுத்து போடுற ஆள் யாருங்கிறதை மட்டும்தான், உள்ள எழுதியிருக்கிறது நிஜமா பொய்யான்னு அவர் பார்க்கிறதில்ல, அது அவர் வேலையும் இல்ல. பொய் எஸ்டி குடுத்தா குற்றம்தான், ஆனா அதுக்காக மாட்டினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

பாலசுப்பிரமணியம் விஷயம் நம்மள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அல்தான்துயாங்கிற மங்கோலியப் பெண் 2006 அக்டோபர்ல இங்க கொலையானாங்க. அந்த வழக்குல சம்பந்தப்பட்ட ஒருத்தருக்கு தனியார் துப்பறிவாளரா வேலை செஞ்சவரு பாலா, முன்னாள் போலீஸ்காரரு, நம்ம ஆளு. 2008 ஜூலை 3 அவர் ஒரு எஸ்டி வெளியிட்டாரு, அதுல அப்போதைய துணைப் பிரதமர் நஜிப்பையும் சேர்த்துச் சொல்லியிருந்தாரு. நாடே அதிர்ந்துச்சு. ஜூலை 4, அதாவது மறுநாளே, இன்னொரு எஸ்டி: நேத்து சொன்னதுல நஜிப்பைப் பத்தின பகுதி எல்லாம் கட்டாயத்துல சொன்னது, வாபஸ். அப்புறம் குடும்பத்தோட நாட்டை விட்டே போயிட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு பேட்டியில முதல்ல சொன்னதுதான் நிஜம்னாரு. 2013 பிப்ரவரியில திரும்பி வந்தாரு, மார்ச் 15 மாரடைப்புல இறந்துட்டாரு. நஜிப் தொடக்கத்துல இருந்தே மறுத்துக்கிட்டுத்தான் இருக்காரு.

ஒரே ஆள், ஒரு நாள் இடைவெளி, ரெண்டு எஸ்டி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், ரெண்டுலயும் முத்திரை இருக்கு. அப்ப அந்த முத்திரைய நம்பி எதை அச்சடிக்கிறது? என்னோட கருத்து, அன்னைக்கு அதைச் செய்தியா போட்டது தப்பில்ல. போடாம விட முடியாது, ஒரு கொலை வழக்கு நடந்துக்கிட்டிருக்கு, அதுல சாட்சியா இருக்கிற ஆள் பேர் முகம் காட்டி வந்து பேசுறாரு, பொய்யுன்னா தான் மாட்டுவோம்னு தெரிஞ்சும் பேசுறாரு. தப்பு எங்கன்னா முதல் நாள் ஒரு கூட்டம் பேப்பர் இதை நிரூபிக்கப்பட்ட விஷயமாவே தலைப்பு போட்டுச்சு, மறுநாள் இன்னொரு கூட்டம் எல்லாம் பொய்யுன்னு நிரூபிச்ச மாதிரி தலைப்பு போட்டுச்சு, நடுவுல ரெண்டு எஸ்டிக்கும் இடைப்பட்ட நேரத்துல அந்த மனுஷனுக்கு என்ன நடந்துச்சுன்னு தேடிப் போனவங்க ரொம்பக் கொஞ்சம். உண்மையான செய்தி அங்கதான் இருந்துச்சு.

அதே 2008-ல ஜூன் 18 ராஜா பெத்ராங்கிற பிளாக் எழுத்தாளர் ஒரு எஸ்டி போட்டாரு, அதே கொலையில, துணைப் பிரதமரோட மனைவி சம்பவ இடத்துல இருந்தாங்கன்னு. அதை வரி வரியா படிச்சவங்களுக்குத் தெரியும், அவர் பார்த்தேன்னு சத்தியம் பண்ணல, நம்பகமான ஆளுங்க எனக்குச் சொன்னாங்கன்னுதான் சத்தியம் பண்ணாரு. அதாவது கேள்விப்பட்டதுக்கு ஒரு சத்தியம். அவர் மேல கிரிமினல் அவதூறு வழக்கு வந்துச்சு, நாட்டை விட்டுப் போனாரு, 2011-ல டிவி3 பேட்டியில அவரே அதை தான் நம்பலங்கிற அர்த்தத்துல பேசினாரு. ஆனா அந்த மூணு வருஷமும், அதுக்கப்புறமும், இன்னைக்கு வரைக்கும் மாமாக் கடையில உக்காந்து கேட்டுப் பாருங்க, அந்தம்மா அங்க இருந்தாங்கன்னு அடிச்சுச் சொல்ற ஆள் இருக்கு. அந்தம்மா மேல எனக்கு எந்த அனுதாபமும் இல்ல, வேற வழக்குகள் வேற விஷயம். ஆனா ஒரு கொலையில ஒரு ஆளைக் கொண்டு போய் நிறுத்துறதுக்கு யாரோ சொன்னாங்கங்கிறது போதாது, அது யாரா இருந்தாலும்.

எங்க பினாங்கு கதை ஒண்ணு. 2011 மே மாசம், ஜார்ஜ்டவுன்ல ஒரு ஹோட்டல்ல பாதிரியார்கள் கலந்துக்கிட்ட ஒரு கூட்டம் நடந்துச்சு. அதைப் பத்தி ரெண்டு பிளாக்ல, ஜசெகவும் (ஜனநாயக செயல் கட்சி) பாதிரியார்களும் சேர்ந்து கிறிஸ்துவத்தை நாட்டோட அதிகாரபூர்வ மதமா ஆக்க உறுதிமொழி எடுத்தாங்கன்னு எழுதினாங்க. மே 7 சனிக்கிழமை உத்துசான் மலேசியாங்கிற மலாய் பேப்பர் அதை முதல் பக்கத்துல தூக்கிப் போட்டுச்சு, தலைப்புல கடைசியில ஒரு கேள்விக்குறி. அந்தக் கூட்டத்துல இருந்தவங்க அப்படி எதுவும் நடக்கலன்னு மறுத்தாங்க, போலீஸ் புகார் குவிஞ்சுது, உள்துறை அமைச்சு அந்தப் பேப்பருக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுத்துச்சு. அப்ப ஆளுங்கட்சியா இருந்த அம்னோவோட பேப்பருக்கு அம்னோ அமைச்சர் குடுத்த கடிதம்னா விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கும்னு பாருங்க.

அந்தக் கூட்டத்துல என்ன பேசினாங்கன்னு கண்டுபிடிக்கிறது மலை வேலையா என்ன, நடந்த இடம் தெரியும், நாள் தெரியும், கலந்துக்கிட்டவங்க டஜன் கணக்குல இருக்காங்க, எல்லாருக்கும் போன் இருக்கு, பேப்பர் ஆபீஸுக்கு பினாங்குலயே நிருபர் இருக்காங்க. ஒரு மதியம் வேலை. அந்த ஒரு மதியத்தைச் செலவழிக்காம ஒரு கேள்விக்குறியைப் போட்டு நாட்டோட மூணு இனத்தையும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வச்சாங்க. சில குற்றச்சாட்டு சரிபார்க்க முடியாம ஊர்ஜிதம் ஆகாம நிக்கும், அது ஒரு வகை. சரிபார்க்க முடிஞ்சும் சரிபார்க்காம விட்டது இன்னொரு வகை, இதுக்கு மன்னிப்பே கிடையாதுன்னு நான் நினைக்கிறேன்.

சரி, அப்ப கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? அதைத்தான் அதிகாரத்துல இருக்கிறவங்க விரும்புவாங்க. 1எம்டிபிங்கிற அரசாங்க முதலீட்டு நிதி விஷயத்தை எடுத்துக்குங்க. 2015 ஜூலை 2 வால் ஸ்ட்ரீட் ஜர்னல், அதுக்குள்ள பிரதமராகிட்ட நஜிப்போட தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு கிட்டத்தட்ட 700 மில்லியன் அமெரிக்க டாலர் போயிருக்குன்னு எழுதுச்சு, சரவாக் ரிப்போர்ட்டும் அதே சமயத்துல எழுதுச்சு. நம்ம வாய்ல அது 2.6 பில்லியன் வெள்ளின்னே பேர் வாங்கிடுச்சு. உடனே அரசாங்கத் தரப்புல இருந்து வந்த பதில் என்ன? ஊர்ஜிதமாகாத குற்றச்சாட்டு, சதி. அந்த மாசமே சரவாக் ரிப்போர்ட் இணையத்தளத்தை அரசாங்கத்தோட தொடர்பு ஆணையம் எம்சிஎம்சி முடக்குச்சு, ஜூலை 27-லிருந்து தி எட்ஜ் வார இதழுக்கும் அதோட நாளிதழுக்கும் மூணு மாசம் தடை, மறுநாள் சட்டத்துறைத் தலைவரையே மாத்திட்டாங்க. செப்டம்பர்ல உயர்நீதிமன்றம் தி எட்ஜ் மேல போட்ட தடை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2016 ஜனவரியில புது சட்டத்துறைத் தலைவர் அந்தப் பணம் சவூதி அரச குடும்பம் குடுத்த நன்கொடை, குற்றம் எதுவும் இல்லன்னு ஃபைலை மூடினாரு. 2020 ஜூலை 28, 1எம்டிபியோட துணைக் கம்பெனியா இருந்த எஸ்ஆர்சி வழக்குல நஜிப்புக்கு 12 வருஷ சிறை, 210 மில்லியன் வெள்ளி அபராதம், 2022 ஆகஸ்ட் 23 காஜாங் சிறைக்குள்ள போனாரு.

கோர்ட் சொல்ற வரைக்கும் காத்திருந்திருந்தா கோர்ட்டுக்கே வந்திருக்காது. இதை யோசிக்காம, ஊர்ஜிதம் ஆகாததைப் போடாதேன்னு மொட்டையா சொல்றவங்களை நான் ஏத்துக்க மாட்டேன். ஆனா அந்த நிருபர்கள் என்ன செஞ்சாங்கன்னும் பார்க்கணும். அவங்க கையில இருந்தது யாரோ ஒருத்தரோட வாய்ச்சொல் இல்ல, வங்கிப் பரிமாற்ற ஆவணம், தேதி, தொகை, கணக்கு. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சில நாள்லயே அந்த ஆவணங்களை வெளியிட்டு நாங்க இதை வச்சுத்தான் சொல்றோம்னு காட்டுச்சு. தி எட்ஜ் இன்னும் ஒரு படி மேல, ஆவணம் வச்சிருந்த சுவிஸ் ஆளுக்குப் பணம் தர்றேன்னு சொல்லி வாங்கினோம், ஆனா குடுக்கல, அவரை ஏமாத்தித்தான் வாங்கினோம், வேற வழி இல்லன்னு தாங்களே அச்சடிச்சு ஒத்துக்கிட்டாங்க. அந்த முறை சரியா தப்பான்னு ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், எனக்கே அதுல உறுத்தல் உண்டு. ஆனா எப்படிக் கிடைச்சுதுன்னு வாசகன்கிட்ட மறைக்கல பாருங்க, அதை வச்சு அவங்க செய்தியை எவ்வளவு நம்பலாம்னு நாமளே எடை போட முடிஞ்சுது. மக்கள் முடிவு பண்ணட்டும்னா இப்படித்தான் செய்யணும்.

இன்னொரு தந்திரம் இருக்கு, பழசு. நேரா ஒரு குற்றச்சாட்டை எழுதினா அவதூறு வழக்கு வரும், ஆனா அதே குற்றச்சாட்டு கோர்ட் ஆவணத்துலயோ நாடாளுமன்றத்துலயோ வந்துட்டா அதை நியாயமா அறிக்கை செய்யுறதுக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்ப என்ன பண்ணுவாங்க, முதல்ல அங்க சொல்ல வச்சிட்டு அப்புறம் பேப்பர்ல போடுவாங்க. 1998 ஜூன் அம்னோ பொதுப்பேரவையில, அப்போதைய துணைப் பிரதமர் அன்வார் ஏன் பிரதமர் ஆகக்கூடாதுன்னு 50 காரணம் அடுக்கின ஒரு புத்தகம் பேராளருங்க பையில இருந்துச்சு. செப்டம்பர் 2 அவரைப் பதவியில இருந்து தூக்கினாங்க. அதே சமயத்துல அவரோட நண்பர் ஒருத்தர் மேல நடந்த வேற ஒரு வழக்குல, அந்த நண்பரை எங்க காவல்ல வைக்கிறதுங்கிற விவாதத்துக்காக அரசுத் தரப்பு தாக்கல் பண்ண சத்தியக் கடுதாசியில அன்வார் மேல அசிங்கமான குற்றச்சாட்டு எல்லாம் இருந்துச்சு, பேப்பர்கள் அதை அப்படியே எடுத்துக் கொட்டினாங்க. அவர் மேல அப்ப வழக்கே போடல. அந்தப் புத்தகத்துக்கு எதிரா அவர் போட்ட வழக்குல 2005-ல உயர்நீதிமன்றம் 4.5 மில்லியன் வெள்ளி இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு. அதுக்கு ஏழு வருஷம் ஆச்சு. நடுவுல நாட்டோட அரசியலே திசை மாறிப் போயிடுச்சு.

அன்னைக்கு அந்தக் கடுதாசியைப் போட்ட ஆசிரியருங்க சட்டப்படி தப்பு செய்யலன்னே வச்சுக்குவோம். ஆனா வேற ஒருத்தர் கேஸ்ல, காவல் இடம் மாத்துற சின்ன விவாதத்துக்கு, இவ்வளவு விவரம் எதுக்கு எழுதியிருக்காங்கன்னு ஒரு கேள்வி கேக்கணுமா இல்லையா, அந்தக் கேள்வியைக் கூட சேர்த்து அச்சடிச்சிருந்தா வாசகனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி.

சட்டம் பக்கம் சுருக்கமா. நம்ம அவதூறு சட்டத்துல, இன்னொருத்தர் சொன்னதைத்தான் நான் சொன்னேன்ங்கிறது தற்காப்பு ஆகாது, திருப்பிச் சொன்னவனும் சொன்னவன்தான். செய்தியோட கடைசியில 'கூறப்படுகிறது'ன்னு ஒட்டிட்டா தப்பிச்சிடலாம்னு நம்ம நிருபர்கள் சிலர் நினைக்கிறது வெறும் பழக்கம், சட்டம் இல்ல. இங்கிலாந்துல 1999-ல அயர்லாந்து முன்னாள் பிரதமர் ரெனால்ட்ஸ் வழக்குல ஒரு வழி பிறந்துச்சு, பொது நலனுக்காகப் பொறுப்போட விசாரிச்சு எழுதினா, கடைசியில தகவல் தப்பாப் போனாலும் பாதுகாப்பு உண்டுன்னு. நிக்கல்ஸ் பிரபு பத்து விஷயம் சொன்னாரு, குற்றச்சாட்டு எவ்வளவு கனமானது, தகவல் எங்க இருந்து வந்துச்சு, சரிபார்க்க என்ன செஞ்சீங்க, அவசரம் என்ன, அந்த ஆள்கிட்ட கேட்டீங்களா, அவர் தரப்பைப் போட்டீங்களா, இப்படி. நம்ம கோர்ட்டும் இந்த வழியை எடுத்துக்கிட்டுச்சு, ஆனா வாசல் ரொம்பக் குறுகல். ரவுப் தங்கச் சுரங்கத்துல சயனைட் பயன்படுத்துறதைப் பத்தி புக்கிட் கோமான் மக்கள் பட்ட கவலையை மலேசியாகினி செய்தித் தளத்துல எழுதினாங்க, சுரங்கக் கம்பெனி வழக்குப் போட்டுச்சு, உயர்நீதிமன்றத்துல மலேசியாகினி ஜெயிச்சு, மேல்முறையீட்டுல தோத்து, 2021 ஜூலைல நாட்டோட உச்ச கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றத்துல 3-க்கு 2-ன்னு தோத்துட்டாங்க. இழப்பீடும் செலவும் சேர்த்து 550,000 வெள்ளி. அஞ்சு நீதிபதியில ரெண்டு பேரு பேப்பர் பக்கம் நின்னிருக்காங்கன்னா கோடு எங்க இருக்குன்னு அவங்களுக்கே ஒத்த கருத்து இல்லன்னு அர்த்தம். தண்டனைச் சட்டத்துல கிரிமினல் அவதூறுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை தனியா இருக்கு. 2018 தேர்தலுக்கு முன்னாடி கொண்டு வந்த பொய்ச் செய்தி தடுப்புச் சட்டத்துல ஆறு வருஷ சிறை வரைக்கும் வச்சாங்க, அடுத்த ஆட்சியில அதை ரத்து பண்ண 2019-ல நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுச்சு. பொய்யை ஒழிக்கிறேன்னு அரசாங்கம் கத்தி எடுத்தா அந்தக் கத்தி யார் கழுத்துக்குப் போகும்னு தி எட்ஜ் விஷயத்துலயே பார்த்துட்டோம், அதனால இதுக்கு வேலை செய்ய வேண்டியது செய்தி ஆபீஸ்தான்.

நம்ம தமிழ்ப் பேப்பர்கள் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிற இடம். 1924-ல தொடங்கின தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில மூடுற வரைக்கும், மத்த பேப்பர்களும் சேர்ந்து, தோட்டத்துல இருந்து பட்டணம் வரைக்கும் நம்ம சனங்களுக்குச் செய்தின்னா அதுதான். பல வருஷம் ஒரு பேப்பர் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் குடும்பத்து கையில, இன்னொண்ணு துணைத்தலைவர் பக்கம்னு ஊருக்கே தெரியும். ஒரு பக்கத்து ஆள் மேல குற்றச்சாட்டுன்னா இந்தப் பேப்பர்ல முதல் பக்கம், அந்தப் பேப்பர்ல ஒரு வரி கூட இருக்காது, மறுநாள் அப்படியே தலைகீழ். ரெண்டையும் வாங்கிப் படிக்கிற வசதி எத்தனை குடும்பத்துக்கு இருந்துச்சு?

மஇகா தொடங்கின முதலீட்டுக் கம்பெனி மைக்காவோட டெலிகாம் பங்கு விவகாரத்தைப் பாருங்க. 1990-ல இந்தியர்களுக்குன்னு ஒதுக்கின 10 மில்லியன் பங்குல 1 மில்லியன்தான் மைக்காவுக்கு வந்துச்சு, மீதி 9 மில்லியன் வேற மூணு கம்பெனிக்குப் போச்சு. இது சரிபார்க்கக்கூடிய கணக்கு, பேப்பர்ல இருக்கு. அந்த 9 மில்லியன் ஏன் போச்சு, யாருக்கு லாபம்ங்கிறது குற்றச்சாட்டு, அப்ப மஇகா தலைவரா இருந்த சாமிவேலு தப்பு எதுவும் நடக்கலன்னு மறுத்தாரு, ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரிச்சுது, வழக்கு வரல. ஒரு நல்ல பேப்பர் என்ன செஞ்சிருக்கணும், கணக்கைத் தனியா, குற்றச்சாட்டைத் தனியா பிரிச்சு வச்சு, இது எங்களுக்குத் தெரியும், இது தெரியல, இதைக் கேட்டோம், இப்படிப் பதில் வந்துச்சுன்னு எழுதியிருக்கணும். தோட்டத்துல உண்டி உடைச்சு, தாலியை அடகு வச்சு பங்கு வாங்கின சனங்களுக்கு அதைத் தெரிஞ்சுக்கிற உரிமை இருந்துச்சு. அவங்களுக்குக் கிடைச்சது ஒரு பக்கம் திருடன்னும் இன்னொரு பக்கம் தலைவர் மேல பொறாமைன்னும் ரெண்டு கூச்சல்தான்.

சின்ன சமூகத்துல இன்னொரு விஷயம். ஒரு தமிழ்ப்பள்ளி வாரியத் தலைவர் மேல, ஒரு கோயில் பொருளாளர் மேல, ஒரு சட்டமன்ற உறுப்பினரோட உதவியாளர் மேல பணம் எடுத்துட்டார்னு ஒரு வரி வந்துட்டா அடுத்த நாள் பிறைங்கிற ஊர்ல நடக்கிற கல்யாணத்துல அவர் பொண்டாட்டி பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. மந்திரிக்காவது பிரஸ் செக்ரட்டரி இருக்காரு, வக்கீல் இருக்காங்க, இவங்களுக்கு எதுவும் இல்ல. அதனால சின்ன ஆளுன்னா கொஞ்சம் தளர்வா எழுதலாம்ங்கிற நினைப்பு தலைகீழான நினைப்பு, சின்ன ஆளுக்குத்தான் இன்னும் கவனமா சரிபார்க்கணும்.

சரிபார்க்கிறதுன்னா என்ன, நேர்ல நடக்கிற மாதிரியே சொல்றேன். சாயங்காலம் ஒருத்தர் வந்து ஒரு ஃபைல் குடுக்கிறாரு. நிருபர் கேக்கணும், "அண்ணே, இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" அவர் சொல்வாரு, "அது எதுக்குப்பா தம்பி, பேப்பர் கையில இருக்குல்ல, போட்டா போதும்." "இல்லண்ணே, இதுல நீங்க நேர்ல பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, அதை மட்டும் சொல்லுங்க." அங்கேயே பாதி ஃபைல் கரைஞ்சிடும். அடுத்து, கட்சித் தேர்தல் வேட்புமனு நேரத்துல ஏன் வருது, ரெண்டு வருஷமா எங்க இருந்துச்சு? நோக்கம் கெட்டதா இருக்கிறதாலயே தகவல் பொய்யாகிடாது, ஆனா நோக்கத்தை வாசகனுக்குச் சொல்லணும், இந்த ஆவணத்தை எதிர் அணியைச் சேர்ந்தவர் குடுத்தாருன்னு ஒரு வரி எழுதினா போதும், பேர் கூட வேணாம். அப்புறம் இன்னைக்கே சரிபார்க்கக்கூடியது எது? கம்பெனி பதிவகத்துல சில வெள்ளி கட்டினா பங்குதாரர் யாருன்னு வந்துடும், நில அலுவலகத்துல உரிமையாளர் பேர் எடுக்கலாம், காசோலை நம்பர் இருந்தா வாங்கின ஆள்கிட்ட கேக்கலாம்.

கடைசியா குற்றம் சாட்டப்பட்டவர்கிட்ட கேக்கிறது. இதுலதான் பெரிய ஏமாத்து நடக்குது. சாயங்காலம் 6.40-க்கு வாட்சாப்ல ஒரு கேள்வி, 7 மணிக்கு செய்தி மேல ஏறிடும், கீழ "தொடர்பு கொண்டபோது பதில் கிடைக்கவில்லை". அந்த மனுஷன் அப்ப மகளை டியூஷன்ல விட்டுட்டு பினாங்குப் பாலத்து நெரிசல்ல மாட்டிக்கிட்டு இருப்பாரு. பழைய விவகாரம், ஆவணம் தேடணும்னா ஒண்ணு ரெண்டு நாளாவது குடுக்கணும், என்ன எழுதப் போறோம்னு ஒவ்வொரு குற்றச்சாட்டா பிரிச்சு அனுப்பணும், வர்ற பதிலை மேல சேர்க்கணும். அடுத்தவன் முந்திடுவான்ங்கிற பயம் நிஜமானது, நான் இல்லன்னு சொல்லல, ஆனா முந்தினவனை ஒரு வாரத்துல மறந்துடுவாங்க, பேர் கெட்டவனுக்கு அந்த ஒரு வாரம் முடியவே முடியாது.

போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னும் இல்ல. லண்டன்ல 2006 ஜூன்ல டைம்ஸ் பேப்பர் ஒரு போலீஸ் அதிகாரி மேல லஞ்சக் குற்றச்சாட்டு விசாரணை நடக்குதுன்னு பேரோட எழுதுச்சு. 2012-ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம், விசாரிச்சுப் பொறுப்போட எழுதியிருக்கீங்க, பொது நலன் இருக்கு, உங்களுக்குப் பாதுகாப்பு உண்டுன்னு சொல்லுச்சு. ஆனா நடுவுல 2007 செப்டம்பர்ல அந்த அதிகாரி மேல தப்பு இல்லன்னு விசாரணை முடிஞ்சது டைம்ஸுக்குத் தெரிஞ்சும் இணையத்துல இருந்த பழைய செய்தியில ஒரு வரி சேர்க்காம விட்டுட்டாங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் பாதுகாப்பு போச்சு, 2013-ல 60,000 பவுண்டு இழப்பீடு. அச்சுல வந்த நாள் சரியா இருந்த செய்தி, திருத்தாம விட்டதால தப்பாகிப் போச்சு.

நம்ம தமிழ் செய்தித் தளங்கள்ல போய் ஏதாவது ஒரு பழைய பேரைத் தேடிப் பாருங்க. கைதுன்னு பெரிய படத்தோட இருக்கும், குற்றம் சாட்டப்பட்டார்னு இருக்கும், விடுதலை ஆனது எங்கயோ மூணு வரியில இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது, பழைய செய்தியில இருந்து புதுசுக்கு ஒரு லிங்க் கூட கிடையாது. அரை நூற்றாண்டாப் பேசிக்கிட்டிருந்த மலேசிய ஊடக மன்றம் 2025-ல சட்டமாகி வந்திருக்கு, நடத்தை விதி வகுக்கிறதும் பொதுமக்கள் புகாரை விசாரிக்கிறதும் அதோட வேலை. நம்ம தமிழ் ஊடகங்கள் அதுல உறுப்பினரா சேர்ந்தா, குற்றச்சாட்டு வந்த அதே பக்கத்துல அதே அளவுல திருத்தம் வரணும்னு அங்க போய்க் கேக்கலாம். ஆனா பழைய செய்தி மேல "இந்த வழக்குல இவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்"னு தேதியோட ஒரு வரி சேர்க்க எந்த மன்றமும் வேணாம், சட்டமும் வேணாம், கோர்ட் செய்தி பார்க்கிற ஒரு நிருபரும் பழைய செய்தியைத் திறந்து திருத்துற பாஸ்வேர்டும் இருந்தா இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.